சிரிப்பை மட்டும் விட்டுவைத்தேன்

என் குரலை நீங்கள் கேட்டிருப்பீர்கள். முகம் தெரிய வாய்ப்பில்லை. இருபத்தாறு வருடமாக டப்பிங் பேசுகிறேன். தமிழ் தெரியாமல் வந்து இறங்கிய கதாநாயகிகளுக்கு முதலில் பேசினேன். வயது ஏற ஏற அவர்களுடைய அக்காக்களுக்கும் அண்ணிகளுக்கும் பேசினேன். இப்போது கொரியத் தொடர்களில் வருகிற மாமியார்களில் பாதிப் பேர் என் கணக்கில்தான் இருக்கிறார்கள். சியோல் நகரத்துப் பணக்கார அம்மாள் ஒருத்தி சோபாவில் சாய்ந்துகொண்டு, 'எங்க குடும்ப கௌரவம் என்ன ஆகிறது' என்று சுத்தத் தமிழில் சீறினால் அது நானாக இருக்கலாம். ஆனால் மீன் கடையில் நான் வாயைத் திறந்தால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கே நான் பேசுவது வேறு தமிழ்.

பிறந்தது, வளர்ந்தது, கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்துவது எல்லாமே திருவல்லிக்கேணியில். வீட்டில் உருது. தெருவில் இறங்கினால் இன்னா, கீது, வந்துகினு. பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு பேர் பார்த்தசாரதி கோயில் பக்கத்துப் பெண்கள். அவர்களோடு சாப்பாட்டைப் பங்கு போட்டுத் தின்றதில் 'ஆத்துல', 'சொல்லிண்டு' எல்லாம் சேர்ந்து உள்ளே போய்விட்டது. அதனால் ஒரு படத்தில் மயிலாப்பூர் மாமி வருகிறாள் என்றால் எனக்குத்தான் போன் வரும். ஒருமுறை நிஜ மாமி ஒருவர் ஸ்டுடியோவில் நான் பேசுவதைக் கேட்டுவிட்டு, நீங்கள் எந்த மாட வீதி என்று விசாரித்தார். நான் சிரித்துச் சமாளித்தேன். புர்காவை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனவள் என்பதை அவர் பார்க்கவில்லை.

என் சொந்தத் தமிழ் மட்டும் இந்த இருபத்தாறு வருடத்தில் ஒரு மைக்கிலும் ஏறியதில்லை. முதல் வருடம், வாய்ப்பு கேட்டுப் போன இடத்தில், பதற்றத்தில் நான் வீட்டில் பேசுகிற மாதிரி இரண்டு வாக்கியம் பேசிவிட்டேன். அங்கே பொறுப்பில் இருந்தவர் கோபப்படவில்லை, நல்ல மனிதர்தான். "இந்தப் பேச்சையெல்லாம் செருப்போட சேத்து வாசல்ல விட்டுட்டு வாம்மா" என்றார். அன்றிலிருந்து அப்படித்தான் செய்கிறேன். வெளியே வரும்போது இரண்டையும் மாட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

இனி அந்தப் பெண்ணின் கதைக்கு வருகிறேன்.

படம் மயிலாப்பூரில் நடக்கிற குடும்பக் கதை. அக்காவும் தங்கையும். தங்கையாக நடித்தவள் மலேசியாவிலிருந்து வந்தவள், ஈப்போ பக்கம். கொள்ளுத் தாத்தா ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனவராம். அவள் தமிழ்ப் பள்ளியில் படித்தவள், வீட்டில் தமிழ்தான் பேச்சு. அங்கே பாட்டுக்காரி. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, படுக்கையறையில் கம்பளியைத் தொங்கவிட்டு அதன் நடுவில் நின்று பாடிப் பதிவு செய்த பாட்டுகள் இங்கே வரைக்கும் வந்து, கல்லூரிப் பிள்ளைகள் போனில் ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பாட்டுகளைக் கேட்டுத்தான் தயாரிப்பாளர் அவளைக் கூட்டி வந்தார். குரலுக்காகக் கூட்டி வந்த பெண்ணின் குரலை எடுத்துவிட்டு, மயிலாப்பூர்ப் பேச்சும் சின்னப் பெண் குரலும் எனக்கு இன்னும் வரும் என்று என் குரலை வைக்கச் சொன்னார்கள். எங்கள் தொழிலில் இதெல்லாம் புதிதில்லை.

டைரக்டர் அவளுக்கு ஒரு காலை நேரம் ஒதுக்கிப் பேச வைத்துப் பார்த்திருக்கிறார். சரிவரவில்லை என்று முடிவு செய்துவிட்டார். தங்கை கதாபாத்திரம் மாட வீதியிலேயே பிறந்து வளர்ந்தது. இந்தப் பெண் பேசினால் வாக்கியத்தின் கடைசியில் குரல் லேசாக மேலே ஏறி நிற்கிறது, கேட்டவுடனே வெளியூர் என்று தெரிந்துவிடுகிறது என்றார். நியாயம்தான் என்று நானும் நினைத்தேன். நியாயமில்லை என்று நினைக்க ஆரம்பித்தால் எனக்கு வேலை ஏது?

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு, யாரும் எழுதி வைத்ததில்லை. நடித்தவரும் அவருக்குப் பேசுகிறவரும் சந்தித்துக்கொள்வதில்லை. ஸ்டுடியோவுக்கு நாங்கள் வருகிற நேரம் அவர்களுக்குச் சொல்லப்படாது. படப்பிடிப்பில் அவர்கள் பேசியது பைலட் ட்ராக் என்ற பெயரில் எங்கள் ஹெட்ஃபோனில் ஓடும். அதைக் கேட்டுக்கொண்டே, திரையில் உதட்டைப் பார்த்துக்கொண்டே, அதன் மேல் நாங்கள் பேசுவோம். அவர்களைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மூச்சு எங்கே வாங்குகிறார்கள், எச்சில் எங்கே விழுங்குகிறார்கள் என்பது வரைக்கும் தெரியும். ஊர் தெரியாது.

இந்தப் பெண் அந்தப் பழக்கத்தை உடைத்தாள். வடபழனி ஸ்டுடியோவுக்கு முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு நான் போனபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சவுண்ட் இன்ஜினியருக்குப் பின்னால் இருந்த சோபாவில் தொப்பி போட்ட ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "பசியாறிட்டீங்களா ஆன்ட்டி?" என்றாள். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்பதற்கு அவர்கள் ஊரில் இன்னும் அந்த வார்த்தைதான். யார் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. இன்ஜினியர் என்னைப் பார்த்து, நான் என்னக்கா செய்யட்டும் என்கிற மாதிரி தோளைக் குலுக்கினார். அவரும் நானும் பதினைந்து வருடப் பழக்கம்.

எனக்குக் கோபம்தான் வந்தது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் பழைய சிநேகிதி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தால் மணப்பெண்ணுக்கு எப்படி இருக்கும்? ஆனால் வெளியே போ என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. வெந்நீர் பிளாஸ்கைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இரண்டு நாள் நன்றாகவே போனது. அவள் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பாள். கண்ணாடி வழியாக நான் பார்த்தால் தலையை ஆட்டுவாள், நன்றாக இருக்கிறது என்று. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. குறை சொன்னால் பதில் சொல்லிவிடலாம்.

மூன்றாம் நாள் எனக்கு ஒரு தப்பு நேர்ந்தது. ஹெட்ஃபோன் போட்டுப் பிழைக்கிறவர்களுக்கு மட்டும் நேருகிற தப்பு. காலையிலிருந்து மாலை வரை ஒருவருடைய பேச்சு காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தால், அது மெதுவாக வாய்க்கும் வந்துவிடும். புதிதாக வந்தவர்களுக்கு நடக்கும், எனக்கு நடந்து பல வருடம் ஆகியிருந்தது. தங்கை அம்மாவின் போட்டோ முன்னால் நின்று பேசுகிற காட்சி. பேசி முடித்தேன். இன்ஜினியர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் ஹெட்ஃபோனுக்குப் பேசுகிற டாக்பேக் மைக்கில் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அக்கா, நீங்களும் அந்தப் பொண்ணு மாதிரியே பேசிட்டீங்க. கடைசியில மேல ஏறுது."

கேட்டுப் பார்த்தேன். ஏறத்தான் செய்தது. எதை எடுப்பதற்காக என்னைக் கூப்பிட்டார்களோ அதையே கொண்டுவந்து வைத்திருந்தேன். மறுபடி எடுத்துவிடலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது டைரக்டர் உள்ளே வந்தார். ஓடவிட்டுக் கேட்டார். இன்னொரு தடவை கேட்டார். மாற்ற வேண்டாம் என்றார். இதில் என்னவோ இருக்கிறது, அந்த முகத்துக்கு அப்படியே ஒட்டுகிறது, இந்தக் காட்சிக்கு மட்டும் இப்படியே இருக்கட்டும் என்றார். "எங்கேருந்துக்கா புடிச்சீங்க இதை?" என்று கேட்டார்.

அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

அவளிடமிருந்துதான் சார், அவள் அப்படித்தான் பேசுகிறாள், அவளையே பேச வைத்திருந்தால் நீங்கள் என்னைத் தேட வேண்டியதில்லை. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொல்லவில்லை. அனுபவம்தான் சார் என்று சொல்லிவிட்டு வெந்நீர் குடித்தேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பாராட்டு பிடித்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தொன்பது வயதுக்காரியை யார் இப்போதெல்லாம் பாராட்டுகிறார்கள்?

சாப்பாட்டு இடைவேளையில் அவளாகவே வந்து, டீ குடிக்கப் போகலாமா என்று கேட்டாள். பஸ் டிப்போ பக்கம் இருக்கிற கடைக்கு நடந்தோம். அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தி.நகர் கதையைச் சொன்னாள். அவளைத் தங்க வைத்திருந்தது அங்கேதான். அம்மாவுக்குப் புடவை எடுக்க ஒரு பெரிய கடைக்குப் போயிருக்கிறாள். மூன்று மாடி ஏறியிருக்கிறாள். "எல்லாரும் இங்கிலீஷ்லயே பதில் சொல்றாங்க ஆன்ட்டி. நான் தமிழ்லதான் கேட்டேன்" என்றாள். அதைக் குறையாகச் சொல்லவில்லை, தனக்குப் புரியவில்லை என்கிற மாதிரி சொன்னாள். நான்தான் டீயைப் பாதியில் கீழே வைத்தேன்.

பிறகு அம்மாவைப் பற்றிச் சொன்னாள். பள்ளிக்கூட கேன்டீனில் சமைக்கிறவர், தனியாக இவளை வளர்த்தவர். இவள் சென்னைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. படம் அங்கேயும் வெளியாகப் போகிறது. தெருவில் இருக்கிற அத்தனை பேரையும் முதல் நாள் கூட்டிக்கொண்டு போவதாக அம்மா சொல்லி வைத்திருக்கிறார். தமிழ்நாட்டுப் படத்தில் நம் பிள்ளை நம் தமிழ் பேசுகிறாள் என்று ஒருவர் விடாமல் சொல்லியாகிவிட்டது.

"வாய்ஸ் டெஸ்டுக்கு முன்னாடியே அம்மாகிட்ட சொல்லிட்டேன் ஆன்ட்டி, நான்தான் பேசப் போறேன்னு. இப்ப எப்படி லா மாத்திச் சொல்றது?"

அந்த 'லா' அவர்கள் ஊரில் பேச்சோடு ஒட்டிக்கொண்டு வருவது. அவள் எதற்காக வந்து உட்காருகிறாள் என்று அப்போதுதான் கேட்டேன். நீங்கள் பேசுவதைக் கேட்டுப் பழகிக்கொண்டால் அடுத்த படத்திலாவது இந்த ஊர் மாதிரி பேசிவிடலாம் இல்லையா என்றாள். அவள் தன் பேச்சை வாசலில் விடக் கற்றுக்கொள்வதற்காக என்னிடம் வந்திருந்தாள். அவள் என் பேச்சை வாங்கிக்கொள்ளப் பார்க்க, நான் அவள் பேச்சை எடுத்துக்கொண்டு பாராட்டு வாங்கியிருந்தேன். கல்லாப்பெட்டி பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன்.

அன்று வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. டைரக்டரிடம் போய்ச் சொல்லலாமா என்று பார்த்தேன். எல்லா வேலையும் முடிகிற கட்டத்தில், ஒரு டப்பிங்காரி சொல்லி அவர் மாற்றப்போவதில்லை. அது எனக்குத் தெரியும். தெரியும் என்பதையே சாக்காக வைத்துக்கொண்டேன் என்பதும் தெரியும்.

கடைசி நாள் மிச்சம் இருந்தது சின்னச் சின்ன விஷயங்கள். பெருமூச்சு, இருமல், அழுகை, சிரிப்பு. பேச்சு மட்டும் ஒருவருடையதாகவும் சிரிப்பு இன்னொருவருடையதாகவும் இருந்தால் காதுக்குத் தெரிந்துவிடும் என்று அதையும் நாங்களே செய்வோம். அதில் ஒரு காட்சி. மொட்டை மாடியில் அக்காவும் தங்கையும் துணி காயப்போடுகிறார்கள். தூரத்தில் கபாலி கோயில் கோபுரம். காற்றில் ஈரப்புடவை பறந்து வந்து தங்கையின் முகத்தில் சுற்றிக்கொள்கிறது. அது ஸ்கிரிப்டில் இல்லை, தானாக நடந்தது. அவள் புடவைக்குள்ளேயே நின்று சிரிக்கிறாள். முதலில் விக்கல் மாதிரி ஒன்று, பிறகு மூச்சு உள்ளே இழுபடுகிறது, பிறகு குபீரென்று வருகிறது, முடிகிற இடத்தில் மூக்கில் ஒரு சின்னக் குறட்டைச் சத்தம். நடிக்கத் தெரிந்தவர்கள் அப்படிச் சிரிக்க மாட்டார்கள்.

சிரிப்புக்கு எனக்குப் பெயர் உண்டு. சொந்தப் பெருமை இல்லை, கேட்டுப் பாருங்கள், வடபழனியில் யாராயிருந்தாலும் சொல்வார்கள். அந்தச் சிரிப்பை ஒரே டேக்கில் அச்சாக எடுத்துக் கொடுத்திருப்பேன், குறட்டையோடு.

மைக் முன்னால் நின்றேன். விக்கலை முன்னாடியே போட்டேன். ஒன் மோர் என்றார் டைரக்டர். அடுத்ததில் மூச்சைத் தப்பான இடத்தில் இழுத்தேன். அதற்கடுத்ததில் சீரியல் வில்லி மாதிரி சிரித்து வைத்தேன். நான்காவது, ஐந்தாவது. இன்ஜினியர் கண்ணாடி வழியாக என்னையே பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. குனிந்து பட்டன்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

"முடியல சார். இந்தச் சிரிப்பு எனக்கு வரல" என்றேன்.

அந்த வாக்கியத்தை இருபத்தாறு வருடத்தில் அதற்கு முன் நான் சொன்னதில்லை. டைரக்டர் யோசித்தார். பைலட்டையே வைத்துக்கொள்ளலாமா என்று இன்ஜினியரைக் கேட்டார். பின்னால் காக்கா கத்துகிறது, யாரோ மிக்ஸி ஓட்டுகிறார்கள், ஆனால் சுத்தம் செய்துவிடலாம் என்றார் அவர். அரை நாள் வேலை அது, எனக்குத் தெரியும். அப்போது டாக்பேக்கை அணைக்க மறந்திருந்தார்கள். உதவி இயக்குநர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது: "அக்காவுக்கு வயசாயிடுச்சுல்ல." அந்தக் கம்பெனியிலிருந்து அப்புறம் எனக்குப் போன் வரவில்லை. வலித்தது. கொஞ்ச நாளைக்கு அந்த வழியாகப் போகிற பஸ்ஸில்கூட ஏறாமல் இருந்தேன்.

அவள் சோபாவில் இருந்தாள். நான் வேண்டுமென்றே செய்தேன் என்று கண்டுபிடித்தாளா என்று அன்று எனக்குத் தெரியவில்லை. கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

படம் வெளியானது. நான் பகல் காட்சிக்குத் தனியாகப் போனேன். மாடிக் காட்சி வந்தபோது எனக்குப் பின் வரிசையில் இரண்டு பெண்கள் அவளோடு சேர்ந்து சிரித்தார்கள். மற்ற இடத்தில் எல்லாம் என் குரலைக் கேட்டுக் குறை கண்டுபிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வழக்கம்போல.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்க ஏறி வந்து, ஒரு பெரிய டப்பா பிஸ்கட்டை நீட்டினாள். என் வீட்டுக்காரர் கடைக்குப் போயிருந்தார். பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள். நான் தொழுதுவிட்டு வருகிற வரை ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயா போட்டுக் கொடுத்தேன். அப்போது அவள் போன் அடித்தது. வீடியோ கால், அம்மா. அவள் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். எனக்குப் புரிந்தது. என் குரல் கேட்டால் எல்லாம் கெட்டுவிடும். கட்டிலின் அந்த ஓரத்துக்குத் தள்ளி உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் குரலை நினைத்து நானே பயந்தேன்.

தெருவே போய்ப் படம் பார்த்துவிட்டு வந்ததாக அம்மா சொன்னார். அந்த அம்மாளுடைய பேச்சும் கடைசியில் மேலே ஏறித்தான் நின்றது. யார் யார் வந்தார்கள், யார் எந்த இடத்தில் கைதட்டினார்கள் என்று வரிசையாகச் சொன்னார். 

"ஒன்னு சொல்லட்டுமா? முதல்ல உன்ன மாதிரியே தெரியல. சென்னைக்குப் போயி பேச்செல்லாம் மாத்திக்கிட்டாளேன்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்லிட்டாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. அப்புறம் துணி காயப்போடுற இடம் வந்துச்சு. நீ சிரிச்ச பாரு. அதுதான் என் பிள்ளை. நான் அழுதுட்டேன் லா."

அவள் போனைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தாள். அவள் கன்னத்தில் நீர் இறங்குவதை அந்த அம்மாளும் பார்த்திருப்பார்.

"அம்மா, அந்தச் சிரிப்பு மட்டும்தான் என்னோடது" என்றாள். "மத்ததெல்லாம் வேற ஒருத்தர் பேசினாங்க. என் தமிழ் இங்க செட் ஆகலன்னு சொல்லிட்டாங்க. உங்ககிட்ட சொல்ல எனக்குத் தைரியம் வரல. சிரிப்பைக்கூட அவங்கதான் எனக்கு விட்டுக் கொடுத்தாங்க."

அவளுக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பக்கம் ஏதோ ஒரு ராப்பறவை கத்துவது கேட்டது. பிறகு, பேசியது யார் என்று அம்மா கேட்டார். பக்கத்தில்தான் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, என்னைக் கேட்காமலே போனை என் பக்கம் திருப்பினாள்.

சின்னத் திரையில் நரை விழுந்த தலை, மூக்குத்தி, களைத்த முகம். என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை, கூர்ந்து பார்த்தார். மைக் முன்னால் நின்றால் வருகிற தமிழ் என் நாக்கில் தயாராக நின்றது, வணக்கம் அம்மா, உங்கள் மகள் அருமையாக நடித்திருக்கிறாள் என்று. அந்தக் குரலில் பேசினால் அவர் மகள் வாயிலிருந்து வந்த குரலைத்தான் மறுபடியும் கேட்பார். எனக்கு அது முடியவில்லை.

"நான்தாமா அது" என்றேன். "உங்க பொண்ணு நல்லாத்தான் பேசிக்கினு இருந்திச்சி. அத்த எடுத்துட்டு என்னிய வெச்சிட்டாங்கோ. நானும் வாய மூடிக்கினு பேசிட்டு வந்துட்டேன். மனசுக்கு கஷ்டமா கீதுமா. மன்ச்சிக்கோங்க."

அந்த அம்மாள் முகத்தைப் போனுக்குக் கிட்டே கொண்டுவந்தார்.

"படத்துல நீங்க இப்படிப் பேசலையே?"

"இதாம்மா என் பேச்சு. அது வேலைக்கு."

"படத்துல இதை யாரும் கேட்டது இல்லையா?"

"இல்லமா."

அவர் தலையை ஆட்டினார்.

"நல்லாத்தானே இருக்கு. அப்படியே பேசுங்க லா. நான் கேக்குறேன்."

சாயா ஆறிப் போகிற வரைக்கும் பேசினேன்.